மாத்திரைக்கு இரண்டு பெயர் உண்டு

(பொதுமக்களுக்கான மருந்து விழிப்புணர்வுக் கூட்டத்தில் மருந்து வேதியியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. நம் வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)



உங்கள் கையில் இருக்கும் செல்போனைப் பற்றி யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லிவிடுவீர்கள். என்ன மாடல், எத்தனை ஜிபி, சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும், எல்லாம் அத்துப்படி. அதே வீட்டில் அலமாரி மேல ஒரு மருந்து டப்பா இருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்க. "அந்த வெள்ளை மாத்திரை பிரஷருக்கு. பெருசா இருக்கே, அது சுகருக்கு. நீட்டமா இருக்கிறது எதுக்குன்னு மறந்துபோச்சு, ஆனா தினமும் ராத்திரி போடுறேன்." பெரும்பாலான வீடுகளில் இதுதான் பதில்.

போன் பழுதானால் வேறு வாங்கலாம். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் அப்படி மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் மாத்திரையைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

நான் மாணவர்களுக்குக் கற்பிக்கும் பாடத்தின் பெயர் மருந்து வேதியியல். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அந்தப் பாடம் எந்த மருந்தைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேட்கிறது. இது எங்கிருந்து வந்தது? உடம்புக்குள் போய் எதைத் தொடுகிறது? எவ்வளவு இருந்தால் மருந்து, எவ்வளவு ஆனால் விஷம்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், டாக்டர் சொல்லும் "சாப்பாட்டுக்கு முன்", "பாதியில் நிறுத்தக் கூடாது", "வாரத்துக்கு ஒண்ணுதான்" எல்லாம் வெறும் கட்டளையாகத் தெரியாது. அதற்குள் இருக்கும் காரணம் புரியும். காரணம் புரிந்தவர் தவறு செய்வது குறைவு.

சட்டை வேறு, ஆள் வேறு

எந்த மாத்திரை அட்டையை எடுத்தாலும் பொதுவாக இரண்டு பெயர் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர். இன்னொன்று மருந்தின் சொந்தப் பெயர். இதைத்தான் ஜெனரிக் பெயர், பொதுப்பெயர் என்கிறோம். 'பாராசிட்டமால் மாத்திரை ஐ.பி. 650 மி.கி.' என்று அச்சாகியிருக்கும். ஐ.பி. என்றால் இந்தியன் பார்மக்கோப்பியா, அதாவது இந்திய அரசின் மருந்துத் தர நூல். அந்த நூல் சொல்லும் தரத்துக்குத் தயாரான மருந்து என்று பொருள்.

கம்பெனிப் பெயர் சட்டை மாதிரி. பொதுப்பெயர்தான் ஆள். ஒரே ஆள் பத்துச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் பத்துப் பேர் என்று நினைத்துவிடுவோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஒரு உதாரணம். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். ஏற்கெனவே இருந்த காய்ச்சல் மாத்திரையைப் போடுகிறார். மூக்கு ஒழுகுகிறது, கடையில் சளிக்கு ஒரு கூட்டு மாத்திரை வாங்குகிறார். ராத்திரி உடம்பு வலி, பழைய சீட்டில் இருந்த வலி மாத்திரை ஒன்று. மூன்றுக்கும் வேறு வேறு பெயர், வேறு வேறு கலர். ஆனால் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கலாம். அவர் மூன்று மருந்து போட்டதாக நினைக்கிறார். உண்மையில் ஒரே மருந்தை மூன்று முறை போட்டிருக்கிறார்.

ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு 24 மணி நேரத்தில் பாராசிட்டமால் 4 கிராமைத் தாண்டக் கூடாது. 500 மி.கி. மாத்திரை என்றால் எட்டு. 650 மி.கி. என்றால் ஆறு. அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. கல்லீரல் நோய் இருப்பவர்கள், தொடர்ந்து மது அருந்துபவர்கள், மிகவும் மெலிந்தவர்களுக்கு இதைவிடக் குறைவுதான் பாதுகாப்பு. குழந்தைகளுக்கு உடல் எடையை வைத்துத்தான் கணக்கு. சிரப்பிலும் பல வலிமைகள் உண்டு. அதனால் "போன தடவை ஒரு மூடி கொடுத்தேன்" என்ற கணக்கு உதவாது.

ஏன் இந்த எல்லை? நாம் போடும் பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் பத்திரமாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஒரு சின்னப் பகுதி மட்டும் நச்சுப்பொருளாக மாறும். அதை அடக்கக் கல்லீரலில் குளுட்டாதயோன் என்ற ஒரு பொருள் காவல்காரர் மாதிரி நிற்கிறது. அளவு கூடிக்கொண்டே போனால் காவல்காரர்கள் தீர்ந்துபோவார்கள். அதற்குப் பிறகு அந்த நச்சு கல்லீரல் செல்களையே தாக்கும். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பாதிப்பு வெளியே தெரியும். இதற்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் அளவு கூடிவிட்டது என்று தெரிந்தால், "நல்லாத்தானே இருக்கேன்" என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

நம்ம ஊர்ப் பூ, உலகத்து மருந்து

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். மருந்து எங்கிருந்து வருகிறது?

நம் மாநில மலர் செங்காந்தள். கிராமத்தில் கண்வலிக் கிழங்குச் செடி என்பார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பக்கம் பந்தலிட்டுப் பயிர் செய்கிறார்கள். விவசாயிகள் விற்பது பூவை அல்ல, விதையை. அந்த விதையில் இருக்கும் கால்சிசின் என்ற பொருளுக்காகத்தான் அத்தனை விலை.

யூரிக் அமிலம் கூடி, கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்காத வலி வருமே, கவுட் என்கிற அந்த நோய்க்குக் கால்சிசின் மருந்து. மாத்திரையில் இருப்பது வெறும் 0.5 மி.கி. அது என்ன செய்கிறது? நம் செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதம் இருக்கிறது. கட்டடம் கட்டும்போது சாரம் கட்டுவார்கள் இல்லையா, அந்த மாதிரி இந்தப் புரதம் சேர்ந்து செல்லுக்குள் குழல் குழலாகச் சாரம் கட்டும். வெள்ளை அணுக்கள் நகர்ந்து போய் மூட்டில் கூடுவதற்கும் இந்தச் சாரம் வேண்டும், செல் இரண்டாகப் பிரிவதற்கும் வேண்டும். கால்சிசின் டியூபுலினில் ஒட்டிக்கொண்டு சாரம் கட்டவிடாமல் செய்கிறது. வெள்ளை அணுக்களின் கூட்டம் குறைகிறது, வீக்கம் தணிகிறது.

இப்போது மூன்றாவது கேள்வி. அதே பொருள் அளவு மீறி உள்ளே போனால்? குடல் சுவர், எலும்பு மஜ்ஜை போல வேகமாகப் பிரியும் செல்கள் எல்லாம் நின்றுபோகும். வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி உயிரையே வாங்கிவிடும். கண்வலிக் கிழங்கை வேறு கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டவர்கள் பாதிக்கப்படுவது இதனால்தான். இங்கே மருந்து, விஷம் என்று இரண்டு பொருள் கிடையாது. ஒரே மூலக்கூறு, ஒரே வேலை. அளவு மட்டும்தான் வேறு.

இன்னொரு பூ நித்தியகல்யாணி. சுடுகாட்டுப் பூ என்று ஒதுக்கிவைப்பார்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இரண்டு விஞ்ஞானிகள், சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்தாகச் சொல்லப்பட்ட அந்த இலையை ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ஆனால் ஆய்வு எலிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துபோயின. வேறு ஒருவர் "தோல்வி" என்று மூடிவைத்திருப்பார். அவர்கள், வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமே என்று யோசித்தார்கள். அந்தச் செடியிலிருந்து வின்பிளாஸ்டின் வந்தது. அதே செடியில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்ட வின்கிரிஸ்டின், இன்றைக்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கான முக்கிய மருந்துகளில் ஒன்று. இதுவும் அதே டியூபுலினைத்தான் தொடுகிறது.

இதைக் கேட்டுவிட்டு யாரும் நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடிக்கப் போக வேண்டாம். டன் கணக்கான இலையிலிருந்து சில கிராம் வின்கிரிஸ்டின்தான் கிடைக்கும். இலையில் இன்னும் எத்தனையோ பொருட்கள் கலந்திருக்கின்றன. ஒரு இலையில் எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. "மூலிகைதானே, பக்க விளைவு இருக்காது" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்புவதற்கு முன்னால் செங்காந்தளை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

பட்டையிலிருந்து வந்த ஆஸ்பிரின்

வில்லோ மரப்பட்டை காய்ச்சலைத் தணிப்பதாக 1763ல் இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்தப் பட்டையின் பொருளிலிருந்து கிடைத்த சாலிசிலிக் அமிலம் வலியைக் குறைத்தது, ஆனால் வயிற்றை எரித்தது. 1897ல் ஜெர்மனியின் பேயர் ஆய்வகத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அதனுடன் ஒரு சின்ன அசிட்டைல் தொகுதியைச் சேர்த்தார். அதுதான் ஆஸ்பிரின். இயற்கை கொடுத்த மூலக்கூறில் ஒரு மூலையை மட்டும் மாற்றி நல்லதைக் கூட்டுவது, கெட்டதைக் குறைப்பது. மருந்து வேதியியலின் முக்கால்வாசி வேலை இதுதான்.

ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்பது அதற்கு 70 ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் தெரிந்தது. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை அது தடுக்கிறது என்று 1971ல் ஜான் வேன் காட்டினார். 1982ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சின்ன அசிட்டைல் தொகுதி, உற்பத்தி செய்யும் நொதியிலேயே போய் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. பூட்டுக்குள்ளே சாவி உடைந்து மாட்டிக்கொண்ட மாதிரி.

மாரடைப்பு வந்தவர்களுக்கு 75 மி.கி. ஆஸ்பிரின் தருவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கு உட்கரு கிடையாது. பூட்டு கெட்டுப்போனால் புதுப் பூட்டு செய்துகொள்ள அவற்றால் முடியாது. அந்தத் தட்டணு வாழும் ஏழு முதல் பத்து நாள் வரை அப்படியே இருக்கும். அதனால் சின்ன அளவே போதும், இதயக் குழாயில் ரத்தம் கட்டுவது குறையும்.

இதிலிருந்து நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை மூன்று. இதய நோய்க்காக ஆஸ்பிரின் போடுபவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. பல் பிடுங்கும் முன்னாலும், ஆபரேஷனுக்கு முன்னாலும் டாக்டரிடம் "நான் இது போடுறேன்" என்று சொல்லிவிட வேண்டும். மூன்றாவது, மழைக்காலத்தில் வரும் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும். அப்போது ஆஸ்பிரினோ ஐபுபுரோஃபெனோ போட்டால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். குழந்தைகளுக்குக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

சென்னையில் படித்த ஒருவரின் மாத்திரைகள்

யானைக்கால் நோய்த் தடுப்புக்காக வீடு வீடாக வந்து டி.இ.சி. மாத்திரை கொடுத்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்துடன் ஃபோலிக் அமிலம் சேர்ந்த மாத்திரை தருகிறார்கள். இந்த இரண்டுக்கும் பின்னால் ஒரே மனிதர் இருக்கிறார். எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923ல் அமெரிக்கா போனவர். அங்கே லெடர்லே ஆய்வகத்தில் அவர் வழிநடத்திய குழுதான் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. டி.இ.சி.யும் அவருடைய குழுவிடமிருந்து வந்ததுதான்.

ஃபோலிக் அமிலம் இல்லாமல் செல்கள் டி.என்.ஏ. தயாரிக்க முடியாது, பிரிய முடியாது. அப்படியென்றால், பார்ப்பதற்கு ஃபோலிக் அமிலம் மாதிரியே இருந்து, ஆனால் வேலை செய்யாத ஒரு போலி மூலக்கூறை உள்ளே அனுப்பினால்? நொதி அதை நிஜம் என்று நம்பிப் பிடித்துக்கொள்ளும். செல் பிரிவது நின்றுபோகும். சுப்பாராவ் குழு தந்த இப்படி ஒரு மருந்தைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948ல் முடிவுகள் வெளியாயின. நோய் தற்காலிகமாக அடங்கியது. அந்த வழியில் வந்ததுதான் மெத்தோட்ரெக்சேட்.

இது புற்றுநோய்க்காரர்களுக்கு மட்டுமான கதை இல்லை. முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு மூட்டுவலிக்கும், சொரியாசிஸுக்கும் இன்று மெத்தோட்ரெக்சேட் சிறிய அளவில் தருகிறார்கள். இதில்தான் நான் உங்களை மிகவும் கவனமாகக் கேட்கச் சொல்கிறேன். இந்த நோய்களுக்கு அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடும் மருந்து. தினமும் போடும் மருந்து அல்ல. சீட்டில் 'வாரம் ஒருமுறை' என்று எழுதியிருந்தும், மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து உயிரிழந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது இதைப் போட்டால், எந்தக் கிழமை என்பதைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்க. போனில் வாராந்திர அலாரம் வையுங்க. பக்க விளைவைக் குறைப்பதற்காக வேறு நாளில் ஃபோலிக் அமிலம் எழுதிக் கொடுப்பார்கள். நிஜமும் போலியும் ஒரே டப்பாவில் இருக்கும். இரண்டும் சின்ன மாத்திரைகள், மாறிவிடக் கூடாது. படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் இரண்டையும் தனித்தனி டப்பாவில் போட்டுவிடுங்க.

மண்ணிலிருந்து வந்த மருந்து, சேத்துப்பட்டிலிருந்து வந்த வழி

காசநோயின் கதை நமக்கு ரொம்ப நெருக்கமானது. 1943ல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர், மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க்கு முதல்முறையாக ஒரு மருந்து கிடைத்தது. நோயாளிகள் தேறினார்கள். சில மாதத்தில் பலருக்கு நோய் திரும்பி வந்தது. இந்த முறை மருந்து கேட்கவில்லை. ஏன்? கோடிக்கணக்கான கிருமிகளில் ஏதோ சில, பிறவியிலேயே அந்த மருந்துக்கு அடங்காதவை. மற்றவை செத்தபின் அவை மட்டும் பெருகிவிட்டன.

அப்புறம் ஐசோனியசிட் வந்தது. 1912லேயே தயாரிக்கப்பட்டு, யாரும் சோதித்துப் பார்க்காமல் கிடந்த பொருள். அது காசநோயை அடக்கும் என்று 1950களின் தொடக்கத்தில்தான் தெரிந்தது. ரிஃபாம்பிசினின் மூலம், 1957ல் தெற்கு பிரான்சிலிருந்து இத்தாலியின் மிலான் நகரத்துக்கு எடுத்துப்போன ஒரு மண் மாதிரி. ஒரு மருந்து கிருமியின் சுவரைக் கட்டவிடாது. இன்னொன்று கிருமியின் மரபுச் செய்தியைப் படிக்கவிடாது. ஒன்றுக்குத் தப்பும் கிருமி மற்றொன்றில் மாட்டும். நான்கு மருந்து சேர்த்துத் தருவதன் காரணம் இதுதான்.

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். ஏழைகளால் முடியுமா? 1956ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும், இன்னொரு பகுதியினரை அவர்களுடைய சொந்த வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959ல் முடிவு வெளியானது. நெருக்கடியான வீட்டில், சத்துக் குறைவான சாப்பாட்டோடு இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோயாளிகள் இன்று வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிடுவதற்கு வழி காட்டியது அந்தச் சென்னை ஆய்வு.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதம். ஒன்றிரண்டு மாதத்தில் இருமல் நிற்கும், எடை கூடும், "சரியாயிடுச்சு" என்று தோன்றும். மெதுவாக வளரும் கிருமிகள் அப்போதும் உள்ளே இருக்கும். அங்கே நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத காசநோயை நாமே வளர்த்து வீட்டில் இருக்கிற குழந்தைக்கும் கொடுத்துவிடுவோம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயந்து நிறுத்த வேண்டாம். அது ரிஃபாம்பிசினின் நிறம். கண் மஞ்சளாவது, பார்வை மங்குவது, விடாத வாந்தி என்றால் மட்டும் உடனே டாக்டரைப் பாருங்க.

மற்ற ஆன்டிபயாடிக்குகளுக்கும் அடிப்படை இதேதான். சாதாரணச் சளியும் பெரும்பாலான தொண்டைவலியும் வைரஸால் வருபவை. பெனிசிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல் சுவரைத்தான் தாக்கும். வைரஸுக்குச் சுவரே கிடையாது. அப்புறம் அந்த மருந்து அங்கே போய் என்ன செய்யும்? அட்டையில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது நமக்கும் கேட்கும் என்று வாங்க வேண்டாம். மீதியை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைக்கவும் வேண்டாம்.

"முன்னாடி" "பின்னாடி" ஏன்?

நிறையப் பேர் கேட்கும் கேள்வி இது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

பான்டோபிரசோல் போன்ற அசிடிட்டி மாத்திரைகள், வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகள் ஓடும்போதுதான் அவற்றைப் பிடிக்கும். சாப்பாடு உள்ளே போனதும்தான் பம்புகள் முழுவேகத்தில் ஓடும். அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். அதனால் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால். மேலே இருக்கும் பூச்சு, மருந்தை வயிற்று அமிலத்திலிருந்து காப்பாற்றுவதற்கு. பொடித்துப் போட்டால் மருந்து வயிற்றிலேயே வீணாகிவிடும்.

மெட்ஃபார்மின் வயிற்றைக் கொஞ்சம் புரட்டும், அதனால் சாப்பாட்டோடு. பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், ஈஆர் என்று இருந்தால் மெதுவாகக் கரையும் மாத்திரை. அதை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். இரும்புச் சத்து மாத்திரையை டீ, காபியோடு போட்டால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும். டெட்ராசைக்ளின் வகை மருந்தைப் பாலோடு போட்டால் பாலில் இருக்கும் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர்தான் எப்போதும் பாதுகாப்பு.

விலை குறைந்தால் வீரியம் குறையுமா?

அரசு ஆஸ்பத்திரியிலும், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் மருந்திலும் பொதுப்பெயர்தான் இருக்கும். "இது கவர்மென்ட் மாத்திரை, வேலை செய்யுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அம்லோடிபின் 5 மி.கி. என்றால் எந்த அட்டையில் இருந்தாலும் அதே மூலக்கூறு, அதே ரத்தக்குழாயில், அதே கால்சியம் வாசலைத்தான் அடைக்கிறது. கலர், வடிவம், மாவுப்பொருள், அட்டை, விளம்பரச் செலவு இவைதான் மாறுகின்றன. 2025 பிப்ரவரி 24ல் தொடங்கப்பட்ட 1,000 முதல்வர் மருந்தகங்களிலும், மக்கள் மருந்தகங்களிலும் இந்தப் பொதுப்பெயர் மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன.

ஒரு எச்சரிக்கை மட்டும். வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் போன்ற சில மருந்துகளில் அளவு கொஞ்சம் மாறினாலும் வித்தியாசம் தெரியும். அவற்றில் கம்பெனியை மாற்றும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க.

இன்றைக்கே போனில் செய்ய வேண்டியவை

1. வீட்டில் பெரியவர்கள் தினமும் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், முன்பக்கம் பின்பக்கம் இரண்டும், படம் எடுத்துத் தனி ஆல்பத்தில் வையுங்க. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்க.

2. ஒவ்வொரு மருந்துக்கும் பொதுப்பெயர், எத்தனை மி.கி., எதற்கு, எப்போது என்று நாலு விவரத்தைக் குறித்துக்கொள்ளுங்க. ஒரே பொதுப்பெயர் இரண்டு இடத்தில் வந்தால் டாக்டரிடம் கேளுங்க.

3. 2023 ஆகஸ்ட் 1க்குப் பின் தயாரான 300 பிரபல பிராண்டு மருந்துகளின் மேல் க்யூஆர் குறியீடு உண்டு. ஸ்கேன் செய்தால் பொதுப்பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் தெரியும்.

4. கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது, பெயரும் காலாவதி தேதியும் இல்லாத துண்டு கையில் வந்தால், முழு அட்டையையும் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்க. பில் கேட்டு வாங்குங்க.

5. மருந்து போட்ட பிறகு தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் 108ஐ அழையுங்க. அவசரம் இல்லாத சந்தேகங்களுக்கு 104. மருந்தின் பக்க விளைவைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. நீங்கள் பதிவு செய்யும் ஒரு விவரம் இன்னொருவரைக் காப்பாற்றலாம்.

யாரும் இதைக் கேட்டுவிட்டு நீங்களே டாக்டராகிவிட வேண்டாம். மருந்தை எழுதுவது டாக்டரின் வேலை, எடுத்துக் கொடுப்பது மருந்தாளுநரின் வேலை. போடுவது நம் வேலை. நம் வேலையை நாம் தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான். அடுத்த முறை சீட்டைக் கையில் வாங்கும்போது, "டாக்டர், இந்த மருந்தோட பொதுப்பெயர் என்ன? இது என்ன செய்யும்? எத்தனை நாள்?" என்று கேளுங்க. நோயாளிக்கு அந்த உரிமை உண்டு.

வீட்டுக்குப் போனதும் அந்த மருந்து டப்பாவைத் திறந்து ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பாருங்க. சட்டையைப் பார்த்தது போதும், இனி ஆளை அடையாளம் கண்டுபிடிப்போம்.